பெரிய டூரிங் பைக்குல சைடு வீல் மாட்டுனா மத்த ரைடர்ஸ் ஏன் கேலி பண்றாங்க? மாட்டலாமா, வேணாமா?

"நண்பர் ஒருத்தருக்காக கேக்குறேன்"னு கேள்விக்குக் கீழ போட்டிருக்கீங்க. சரிங்க, நண்பர்னே வச்சுக்குவோம். நானும் ஒன்றரை வருஷம் முன்னாடி இத மாட்டித் தர்றவர்கிட்ட போன்ல விசாரிச்சப்போ "எங்க அண்ணனுக்கு"ன்னுதான் சொன்னேன். எனக்கு அண்ணனே கெடையாது.

அதனால உங்க நண்பர் எப்படி இருப்பார்னு நானே சொல்றேன். வயசு 55 தாண்டியிருக்கும், முட்டியோ இடுப்போ ஏதோ ஒண்ணு மக்கர் பண்ணுது, வண்டி 350 கிலோவுக்கு மேல, சிக்னல் செவப்பானாலே வயித்துல புளியக் கரைக்குது, ஏற்கனவே ஒரு தடவையாவது நின்ன எடத்துல வண்டியப் போட்டிருக்கார், அத வீட்டுல சொல்லல. தப்பா இருந்தா மன்னிச்சுக்கோங்க. தப்பா இருக்காதுன்னு நெனைக்கிறேன்.

மொதல்லயே சொல்லிடுறேன், நான் மெக்கானிக் இல்ல, இன்ஜினியர் இல்ல, எந்தக் கம்பெனிக்கும் ஆள் புடிச்சுக் குடுக்கல, அதனாலதான் என்னோடது எந்தக் கம்பெனி செட்டுன்னு இங்க எழுதப்போறதும் இல்ல. என்கிட்ட இருக்குறது ஹோண்டா கோல்டுவிங் ஜிஎல்1800, 2008 மாடல், வண்டி மட்டுமே 400 கிலோ சொச்சம். பதினாலு வருஷமா நான்தான் ஓட்டுறேன். எனக்குத் தகுதின்னு சொன்னா அவ்வளவுதான்.

சைடு வீல்னு ஒரே வார்த்தையில சொல்லிடறோம்ல, பாதி கேலி அங்கயே ஆரம்பிச்சிடுது, கேக்குறவன் மனசுல ஒடனே வர்றது சின்னப்புள்ள சைக்கிள். உண்மையில இதுல ரெண்டு ரகம் இருக்கு, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல. ஒண்ணு எப்பவும் தரையிலயே ஓடுறது. பின் சக்கரம் அப்படியே நடுவுல இருக்கும், அதுக்கு ரெண்டு பக்கமும் ஸ்பிரிங் வச்ச ஃபிரேம்ல ஒவ்வொரு சக்கரம். இத மாட்டிட்டா வண்டி சாயாது, சாயாதுன்னா அது இனிமே பைக்கே இல்ல. ரெண்டு சக்கரத்துல இடது பக்கம் திரும்பணும்னா இடது ஹேண்டில முன்னாடி தள்ளுவோம், கவுண்டர் ஸ்டீரிங், நெறைய பேரு தெரியாமலே பண்ணுவாங்க. இந்த ரகத்துல அதே பழக்கத்துல இடது ஹேண்டிலத் தள்ளுனீங்கன்னா வண்டி வலது பக்கம் போயிடும். முப்பது வருஷப் பழக்கம் ஒரே நாள்ல எதிரியாகுறது இங்கதான். இன்னொண்ணு, ரோட்டுல பள்ளம் மேடு வர்ற எடத்துல ரெண்டு ஓர சக்கரமும் மேட்டுல ஏறிக்கிட்டா நடுவுல இருக்குற பின் சக்கரத்துக்குத் தரை சரியா கிடைக்காது, அந்தச் சக்கரத்துக்குத்தானே இன்ஜின் சக்தி போகுது, அது சும்மா சுத்திக்கிட்டு நிக்கும்.

ரெண்டாவது ரகம் ஏறி எறங்குறது. சின்னச் சக்கரம் ரெண்டு பின்பக்கப் பெட்டிக்கு அடியில மடங்கி இருக்கும், வேகம் நல்லா கொறைஞ்சு நிக்கப்போற நேரத்துல பட்டன அமுக்குனா பிளேன் சக்கரம் மாதிரி எறங்கும், கெளம்பி வேகம் எடுத்தா மேல போயிடும். மேல இருக்குற வரைக்கும் அது சாதா பைக்குதான், வளைவுல சாயும், எல்லாமே பழைய மாதிரி. என்கிட்ட இருக்குறது இது. இது போக பின்பக்கத்தையே கழட்டிட்டு டிஃபரென்ஷியல் (ரெண்டு பின் சக்கரத்தையும் வேற வேற வேகத்துல சுத்த விடுற கியர்) வச்ச அச்சு மாட்டி முழு ட்ரைக்கா, அதாவது மூணு சக்கர வண்டியா மாத்துறது இருக்கு, அது வேற கதை. முன்னாடி ரெண்டு சக்கரம் வச்ச யமஹா நைக்கன் பத்தியும் சில பேரு இதே மூச்சுல கேப்பாங்க. 2018ல விற்பனைக்கு வந்துச்சு. ஆனா அது நின்னா நீங்கதான் கால ஊனணும், தானா நிக்காது. முன்னாடி ரெண்டு சக்கரம் வச்ச பியாஜியோ எம்பி3 ஸ்கூட்டர்தான் நிக்கப்போகும்போது பட்டன அமுக்குனா சாயாம பூட்டிக்கிற ரகம். போட்டோவ மட்டும் பாத்துட்டு வாங்கிடாதீங்க.

இப்ப என் கதைக்கு வர்றேன், கேலி எங்க இருந்து வருதுன்னு அதுல இருக்கு.

எனக்கு ஆபரேஷன்ல மாத்துனது இடது முட்டி. ரைடர்ஸுக்கு இது புரியும், மத்தவங்களுக்குச் சொல்றேன். பைக் நிக்கும்போது வலது கால் பின் பிரேக்குல இருக்கும், தரையில ஊனுறது இடது கால். வண்டி நேரா நிமிந்து நின்னா 400 கிலோவும் சக்கரம் வழியா தரைக்குப் போயிடும், உங்க காலுக்கு ஒண்ணுமே தெரியாது. கொஞ்சம் சாஞ்சாலும் தொடையில புடிச்சிடலாம். அதுக்கு மேல ஒரு கோடு இருக்கு, அதத் தாண்டிட்டா நீங்க பயில்வானா இருந்தாலும் மெதுவா படுக்க வைக்கத்தான் முடியும். ஆபரேஷனுக்கப்புறம் எனக்கு அந்தக் கோடு ரொம்பக் கிட்ட வந்துடுச்சு. டாக்டர்கிட்ட பைக் ஓட்டலாமான்னு கேட்டேன். "ஓட்டுங்க சார், தாங்காதீங்க"ன்னார். நான் வெளிய வந்து வராந்தாவுல உக்காந்து அதையே யோசிச்சுக்கிட்டு இருந்தேன். ஓட்டுனா எங்கயாவது நிக்கணுமே, நின்னா தாங்கணுமே.

(அந்த ஆஸ்பத்திரி பத்தி ஒரு வார்த்தை. டிஸ்சார்ஜ்னு காலைல 9 மணிக்குச் சொல்லிட்டு, பில் வரல, பில் வந்தா கையெழுத்து போட டாக்டர் இல்ல, கையெழுத்து வந்தா சக்கர நாற்காலி தள்ற தம்பி சாப்பிடப் போயிட்டாருன்னு சாயங்காலம் அஞ்சரைக்கு வெளிய விட்டாங்க. எக்ஸ்ரேவ சிடியில போட்டுக் குடுத்தாங்க. சிடி போடுற மெஷின் இன்னைக்கு யார் வீட்டுலங்க இருக்கு? அடுத்த தடவ காட்டப் போனப்போ அந்த டாக்டர் ரூம்லயே இல்ல. ரெண்டு சிடி இன்னும் பீரோவுல இருக்கு, என் முட்டி அதுக்குள்ள இருக்கு, எனக்கே பாக்க முடியல. சரி விடுங்க.)

சைடு வீல் யோசனை என்னோடது இல்ல, வீட்டம்மாவோடது. அவங்கதான் எங்கயோ வீடியோல பாத்துட்டு வந்து காட்டுனாங்க. நான் சிரிச்சேன். ஏன்னா அதுக்கு ஏழெட்டு வருஷம் முன்னாடி ஒரு ரைடுல பழைய கோல்டுவிங் ஜிஎல்1500ல இதே மாதிரி மாட்டிக்கிட்டு ஒருத்தர் வந்திருந்தாரு, அவருக்கு "ஏரோபிளேன்"னு பேரு வச்சதே நான்தான். அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லல, ஆனா அவருக்குத் தெரிஞ்சிருக்கும், இதெல்லாம் தெரியாம இருக்குமா. அவரு ஒவ்வொரு எடத்துலயும் கடைசியாத்தான் வந்து நிறுத்துவாரு, முதல்லயே கெளம்பிடுவாரு. அது ஏன்னு எனக்கு அப்பப் புரியல.

"நான் பின்னாடி உக்காரணும்னா அது இருக்கணும், இல்லன்னா நீங்க தனியா போயிட்டு வாங்க, நான் வீட்டுல நிம்மதியா இருக்கேன்"னு வீட்டுல முடிவா சொல்லிட்டாங்க. மாட்டியாச்சு. மொத ரெண்டு மாசம் நாங்க ரெண்டு பேரு மட்டும் போனோம், அற்புதமா இருந்துச்சு, சிக்னல்ல கால ஃபுட்போர்டுல வச்சுக்கிட்டே நிக்கிறேன், பக்கத்து கார்க்காரன் கண்ணாடிய எறக்கிப் பாக்குறான். ஒரு எடத்துல நிறுத்தியிருந்தப்போ ஒரு சின்னப்பையன் வந்து சக்கரத்தக் காட்டி, "தாத்தா, என்னோடத போன வாரமே கழட்டிட்டாங்க"ன்னான். வீட்டம்மா சிரிச்ச சிரிப்பு இருக்கே, அடுத்த அம்பது கிலோமீட்டருக்கு ஹெல்மெட் இண்டர்காம்ல கேட்டுக்கிட்டே வந்துச்சு.

அப்புறம் எங்க குரூப் ரைடு வந்துச்சு. பதினோரு வண்டி. எல்லாம் இருபது வருஷப் பழக்கம். நான் யார்கிட்டயும் சக்கரத்தப் பத்திச் சொல்லல, மடங்கி இருக்கும்போது சட்டுனு கண்ணுக்குத் தெரியாது, பெட்டிக்கு அடியிலதானே இருக்குன்னு ஒரு நம்பிக்கை. காலைல கெளம்புன எடத்துல நான்தான் கடைசியா வந்தேன், ஸ்டாண்டு போடாம இன்ஜின் ஓட நின்னு, முதல்லயே கெளம்பிட்டேன். ஹெல்மெட்டுக்குள்ள எனக்கே வெக்கமா இருந்துச்சு, அந்த ஜிஎல்1500 மனுஷன் ஞாபகம் வந்துச்சு.

பெட்ரோல் போட பங்க்குல திரும்பணும். எனக்கு முன்னாடி ஆறு பேரு போயி வண்டிய நிறுத்திட்டு இறங்கி நின்னுக்கிட்டு இருக்கான், எல்லாரும் என்னையே பாத்த மாதிரி எனக்கு, உண்மையில அவனவன் போன பாத்துக்கிட்டு இருந்தான். கட்டைவிரல் பட்டன் மேலதான் இருக்கு. அமுக்குனா மோட்டார் சத்தம் வரும், ரெண்டு சக்கரம் எறங்கும், அத்தனை பேரும் பாப்பான். ஒரே ஒரு தடவ கால ஊனி நிறுத்திக்கலாம்னு நெனச்சேன். ஹேண்டில் இடது பக்கம் திரும்பியிருக்கு, வேகம் நடக்குற வேகம், ஒரு ஆள் கேன் ஒண்ணத் தூக்கிக்கிட்டு குறுக்க வந்தான், கை தானா முன் பிரேக்கப் புடிச்சிடுச்சு. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கத் தொட்டா வண்டி எந்தப் பக்கம் திரும்பியிருக்கோ அந்தப் பக்கம் போய் விழும்னு நானே எத்தனையோ புதுப் பசங்களுக்குப் பாடம் எடுத்திருக்கேன். இடது கால ஊனுனேன், தரையில டீசல் பிசுபிசுப்பு, பூட்ஸ் வழுக்குச்சு. அப்புறம் என்ன, மெதுவா, ரொம்ப மெதுவா, பெரிய மரம் சாயுற மாதிரி.

கோல்டுவிங்ல முன்னாடியும் பின்னாடியும் கார்டு கம்பி இருக்குறதால வண்டி முழுசா படுக்காது, பாதியில நிக்கும், கால் மாட்டிக்காது, அது வரைக்கும் புண்ணியம். வீட்டம்மா பஸ்ஸுல இருந்து எறங்குற மாதிரி எறங்கி நின்னுக்கிட்டாங்க. எனக்கும் ஒண்ணும் ஆகல. மூணு பேரு ஓடி வந்து தூக்குனாங்க. தூக்குற முறை எனக்கு நல்லாவே தெரியும், இன்ஜின ஆஃப் பண்ணி, கியர்ல போட்டு, வலது பக்கம் விழுந்திருந்தா சைடு ஸ்டாண்ட முன்னாடியே எறக்கி வச்சு, முதுக வண்டிக்குக் குடுத்து கால் பலத்துல பின்னாடி நடக்கணும். ஆனா அது முட்டி இருக்குறவனுக்கு. நான் ஓரமா ஹெல்மெட்டப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

தூக்கும்போதுதான் அடியில இருக்குற சக்கரத்த எல்லாரும் பாத்தாங்க.

"டேய், இது என்னடா?" அப்புறம் அர நிமிஷம் அமைதி. அதுக்கப்புறம் ரைடு கேப்டன், என் இருபது வருஷ சிநேகிதன், "சைடு வீல் போட்டும் விழுந்த ஒரே ஆளு ஒலகத்துலயே நீதாண்டா"ன்னான். அன்னைக்கு ராத்திரியே குழந்தை சைக்கிள்ல என் தலைய ஒட்டி வாட்ஸ்அப் ஸ்டிக்கர் வந்துடுச்சு. என் பேரு ஏரோபிளேன் ஆயிடுச்சு, அத யாரு முதல்ல வச்சதுன்னு அவனுங்களுக்கு ஞாபகம் இருந்துச்சு. வீட்டம்மா மட்டும் அங்க ஒண்ணும் பேசல. திரும்பி வர்ற வழியில இண்டர்காம்ல, "ஏங்க, அந்த ரெண்டு சக்கரம் எதுக்கு வாங்குனோம், அழகுக்கா?"ன்னு ஒரே ஒரு தடவ கேட்டாங்க. அதுக்கு நான் பதில் சொல்லல, பதில் இருந்தாத்தானே.

நீங்க கேட்ட கேள்விக்கு என் பதில் இந்த எடத்துலதான் இருக்கு. அடுத்த ஒரு மாசத்துல அந்தப் பத்துப் பேர்ல ரெண்டு பேரு எனக்குத் தனியா மெசேஜ் பண்ணாங்க. எங்க மாட்டுன, எவ்வளவு நாள் ஆச்சு, வளைவுல தட்டுதா. ஒருத்தன் தனக்குன்னே சொல்லிட்டான், கெண்டைக்கால் நரம்பு பிரச்சினையாம். இன்னொருத்தன் "எங்க மாமாவுக்கு"ன்னான். ஸ்டிக்கர் செஞ்சவன் அவன்தான். பெரிய வண்டிக்காரங்க கூடிப் பேசுனா வளைவுல மணல் இருந்துச்சு, லாரி குறுக்க வந்துச்சு, 120ல நாய் வந்துச்சுன்னு வேகத்துல தப்பிச்ச கதைதான் வரும். பூஜ்யம் வேகத்துல வீட்டு கேட்டுக்கு முன்னாடி போட்ட கதைய யாரும் சொல்ல மாட்டான். எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு இருக்கு. கார்டு கம்பில இருக்குற கீறலப் பாத்தாலே தெரியும். சைடு வீல் மாட்டுனவன் அத வெளிய எழுதி ஒட்டிக்கிட்ட மாதிரி ஆயிடறான், அதான் அவனப் பாத்தா சிரிப்பு வருது. இது என் கருத்துதான், எல்லாரும் அப்படின்னு சொல்லல, நெஜமாவே வேடிக்கையா இருக்குன்னு சிரிக்கிறவங்களும் இருக்காங்க, பாக்க வேடிக்கையாத்தான் இருக்கும்.

"முடியலன்னா சின்ன வண்டி வாங்க வேண்டியதுதானே"ன்னு கீழ ஒருத்தர் எழுதத்தான் போறீங்க. நியாயமான பேச்சு. தனியா போறவருக்கு நானே அதத்தான் சொல்வேன், 200 கிலோ வண்டி வாங்கிக்கோங்க, சைடு வீல் செலவே வேணாம். எங்களுக்கு ரெண்டு பேரு, ஒரு வார மூட்டை, அவங்க முதுகுக்கு அந்த சோபா மாதிரி சீட்டு. "அப்போ கார்ல போங்க." போறோமே, கார்லயும் போறோம். "இது பைக்கே இல்ல"ன்னு சொல்றவங்களுக்கு மட்டும் கொஞ்சம் பழைய கதை. ஹார்லி-டேவிட்சன் கம்பெனி 1932ல இருந்து 1973 வரைக்கும் சர்வி-கார்னு மூணு சக்கர வண்டி செஞ்சிருக்காங்க. ஹார்லியில மொதல்ல செல்ஃப் ஸ்டார்ட் வந்ததே அந்த மூணு சக்கரத்துலதான், 1964ல. அடுத்த வருஷம் ரெண்டு சக்கரத்துக்கு வந்தப்போ அந்தப் பெருமையிலதான் எலக்ட்ரா கிளைடுன்னு பேரே வச்சாங்க. ஹோண்டாக்காரங்க 1988ல கோல்டுவிங் ஜிஎல்1500க்கு ரிவர்ஸ் குடுத்தாங்க, ஸ்டார்ட்டர் மோட்டார வச்சே பின்னாடி தள்ளும். பைக்குக்கு எதுக்குடா ரிவர்ஸுன்னு சிரிச்சவங்க உண்டு. இன்னைக்கு சரிவுல மூக்க உள்ள விட்டு நிறுத்திட்டு ரிவர்ஸ் பட்டனத் தேடாத கோல்டுவிங்காரன் ஒருத்தன காட்டுங்க.

கேலிய விட எனக்கு எரிச்சலானது பரிதாபம். "இந்த வயசுலயும் விடாம ஓட்டுறீங்களே சார், கிரேட்"னு கட்டைவிரலத் தூக்கிக் காட்டுறவங்க. கேலி பண்றவன்கிட்ட திருப்பி நாலு வார்த்தை பேசலாம், இவங்ககிட்ட நன்றி சொல்லித் தொலையணும்.

சரி, மாட்டலாமா? வண்டிய மெதுவா ஓட்டத் தெரியாததுதான் பிரச்சினைன்னா மாட்டாதீங்க. கிளட்ச பாதியில புடிச்சு, பின் பிரேக்க லேசா அமுக்கி, போகவேண்டிய எடத்தப் பாத்துக்கிட்டு காலி மைதானத்துல எட்டு போட்டுப் பழகுனா பாதிப் பேருக்கு இது தேவைப்படாது. குட்டையா இருக்கேன், கால் எட்டலன்னா சீட்ட செதுக்கலாம், தடிச்ச அடிப்பாகம் வச்ச பூட்ஸ் போடலாம். முட்டி, இடுப்பு, நரம்பு, போலியோ, இந்த மாதிரி பழகிச் சரியாகாத விஷயம்னா தாராளமா மாட்டலாம், ஏறி எறங்குற ரகம்.

மாட்டுனா சிலது தெரிஞ்சிருக்கணும், விக்கிறவங்க இத அழுத்திச் சொல்லல எனக்கு. சக்கரம் எறங்கியிருந்தா வண்டி தரையோட சாய்மானத்துலயே நிக்கும், ரோடு ஓரமா சரிஞ்சிருந்தா வண்டியும் சரிஞ்சேதான் நிக்கும், மொத தடவ விழப்போகுதுன்னு தோணும். ஒரு பக்கச் சக்கரம் குழியில எறங்குனா அந்தப் பக்கம் இன்னும் சாயும், அதனால எங்க நிறுத்துறோம்னு முன்னாடியே பாக்கணும். எறங்கியிருக்கும்போது வளைச்சுத் திருப்புனா அந்த மொதல் ரகம் மாதிரிதான் நடந்துக்கும், வெளிப்பக்கம் தள்ளும், அதனால நேரா வந்து நேரா நிறுத்துறது நல்லது. ரெண்டும் எறங்குச்சான்னு காதால கேட்டு, வண்டி உக்காந்தது உடம்புல தெரிஞ்சப்புறம்தான் கால மேல தூக்கணும், மோட்டாரோ வயரோ ஒரு பக்கம் மட்டும் மக்கர் பண்ணுனா இல்லாதத விட மோசம். கூடுதல் எடை பின்னாடிதான் ஏறுது, சஸ்பென்ஷன கொஞ்சம் இறுக்கணும். இன்சூரன்ஸ்காரங்ககிட்ட எழுத்துல சொல்லிடுங்க, அப்புறம் விழுந்துட்டு அவங்ககிட்ட விளக்கம் சொல்லிக்கிட்டு நிக்க வேணாம்.

அப்புறம் எறக்க வேண்டிய எடத்துல எறக்குங்க, யாரு பாத்தாலும். எனக்கு இப்பவும் ஆறேழு தெரிஞ்ச முகத்தப் பாத்தா கட்டைவிரல் அரை நொடி தயங்கத்தான் செய்யுது, பின்னாடி இருந்து இடுப்புல ஒரு குத்து விழும், அமுக்கிடுவேன்.

உங்க நண்பருக்கு இடது முட்டியா வலது முட்டியான்னு எழுதுங்க. வலதுன்னா கதை வேற, அது பின் பிரேக் சமாச்சாரம், சைடு வீல் மட்டும் போதாது.